காதை மூடும் கருவியின் கதை

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் அன்று ஒரே ஒலிமயந்தான். பேருந்துகளின் ஊதல், கடைகளின் ஒலிபெருக்கி, நாதசுரம், தவில், நடந்து செல்லும் மக்களின் பேச்சு என எல்லாம் கலந்து விடிய விடிய ஒலித்துக்கொண்டிருக்கும்.

அப்பாதைக்கு அருகில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். கையில் ஒரு புதிய ஹெட்போன். காதை முழுவதும் மூடும் வகையைச் சேர்ந்தது.

"சார், ஆயிரம் ரூபாய்க்குள்ளே வாங்கினேன். வெளிச்சத்தம் கேட்காம படிக்கலாம்னு பார்த்தா, அரை மணி நேரத்திலே காது வலிக்குது. மிருதங்கம்கூடத் தகர டப்பாவைத் தட்டினாப்போல இருக்கு. நல்லதா வேணும்னா பத்தாயிரம் போடணுமா சார்?"

அவர் கேட்டது இரண்டு கேள்விகள் போலத் தோன்றும்: ஒன்று வலி, மற்றொன்று ஒலிக் குறை. ஆனால் மூடிய ஹெட்போனைப் பொறுத்தவரை இவை இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். இதனை விளங்கிக்கொள்ள, இக்கருவி பிறந்து வளர்ந்த கதையை முதலில் பார்ப்போமா?

தோளில் சுமந்த தொலைபேசி

1876ஆம் ஆண்டில் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. இணைப்புக் கொடுப்பவர்களுக்கு இரு கைகளும் தேவை. ஆகவே காதுப்பகுதி தானே நிற்க வேண்டும். இதற்காக 1880களில் அமெரிக்காவில் எஸ்ரா கில்லிலாண்டு என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் அமைப்பு ஒன்றைச் செய்தார். அதன் எடை சுமார் 5 கிலோ! கேட்பதோ ஒரு காதில் மட்டும்.

இரு காதுகளாலும் கேட்கும் இன்பத்தை உலகம் முதலில் சுவைத்தது 1881ஆம் ஆண்டுப் பாரிஸ் மின்பொருட்காட்சியில். கிளமான் ஆடெர் என்னும் பொறியாளர் இசைநாடக மேடையில் பல ஒலிவாங்கிகளை வைத்து, பார்வையாளரின் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனிக் கம்பி கொண்டுவந்தார். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பதைக் கேட்டவர்கள் காதாலேயே உணர்ந்தார்கள். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் தொடக்கம் அதுவே.

1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்டுவின் என்பவர், தலைக்கு மேல் வளைந்து இரு காதுகளிலும் பொருந்தும் கருவியை வீட்டிலேயே செய்து கடற்படைக்கு அனுப்பினார். மிக மெல்லிய ஒலியையும் அது தெளிவாக உணர்த்திற்று. கடற்படை அதனை ஏற்றுக்கொண்டது. இன்றைய ஹெட்போனின் உருவம் ஏறக்குறைய அன்றே அமைந்துவிட்டது எனலாம்.

சென்னைக்கு வந்த வானொலி

இக்கதையில் இந்தியருக்கும் பங்குண்டு. கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகம் மின்காந்த அலைகளை உணரவல்லது என்பதைப் பயன்படுத்தி ஜகதீச சந்திர போஸ் ஓர் உணர்கருவி அமைத்தார். 1901இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்க உரிமம் 1904இல் வழங்கப்பட்டது. பின்னாளில் உலகெங்கும் பரவிய படிக வானொலிப் பெட்டிகளில் இக்கனிமமே பெரிதும் பயன்பட்டது.

1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பையும் தொடங்கியது. பணமுடையால் 1927இல் கழகம் தன் பணியை நிறுத்திக்கொண்டு, ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

அந்நாளில் எளியவர்களுக்கு எட்டிய வானொலி படிகப் பெட்டிதான். அதற்கு மின்கலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அலையோடு வந்த நுண்ணிய ஆற்றலே காதருகே உள்ள இரும்புத் தகட்டை அசைக்க வேண்டும். ஆகவே ஒலி மிகமிக மெல்லியது. பக்கத்தில் குழந்தை அழுதால் பாட்டு போய்விடும்! காதை இறுக மூடினால்தான் கேட்கும். நண்பரே, இதை நினைவில் வையுங்கள்: காதை மூடும் வழக்கம் ஆரவாரமாகக் கேட்பதற்காக வரவில்லை, மெல்லக் கேட்பதற்காகவே வந்தது.

இரும்புத் தகடு பேச்சுக்குப் போதும், இசைக்குப் போதாது. 1937இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனம் டிடி 48 என்னும் கருவியைக் கொணர்ந்தது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் முறை இதில் அமைந்தது. 1958இல் அமெரிக்கரான ஜான் கோஸ், இசைத்தட்டு கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த எச்டி 414ஐ வெளியிட்டது. 1979இல் ஜப்பானின் சோனி வாக்மேன் சுமார் 50 கிராம் எடையே உள்ள ஹெட்போனோடு தெருவுக்கு வந்தது. 5 கிலோவிலிருந்து 50 கிராம்! நூறு ஆண்டில் எடை நூறில் ஒரு பங்காகிவிட்டது.

ஆனால் தெருவுக்கு வந்ததும் ஒரு வினை பிறந்தது. தெருவின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத் தொடங்கினார்கள்.

கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று

இனி மாணவரின் ஹெட்போனுக்கு வருவோம். மூடிய ஹெட்போனில் சவ்வு, மெத்தை, உங்கள் கன்னம், காது ஆகியவை சேர்ந்து ஒரு சிறு காற்றறையை உண்டாக்குகின்றன. சவ்வு முன்னே வரும்போது அக்காற்று அழுந்துகிறது; பின்னே போகும்போது தளர்கிறது. இந்த அழுத்த மாற்றமே செவிப்பறையை அசைக்கிறது.

மெத்தையில் சிறு இடுக்கு இருந்தால் என்ன ஆகும்? 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஆழ்ந்த ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அழுந்தும் அரைச்சுற்றுக்கு நொடியில் 100இல் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. அதற்குள் காற்று இடுக்கின் வழியே வெளியேறிவிடும், அழுத்தம் எழாது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அரைச்சுற்று நேரம் நொடியில் 10,000இல் ஒரு பங்கே. காற்று வெளியேற நேரமில்லை. ஆகவே இடுக்கு உள்ள ஹெட்போனில் ஆழ்ந்த ஒலிகள் கரைந்துபோய், கூரிய ஒலிகள் மட்டும் எஞ்சும். தகர டப்பா ஓசையின் இரகசியம் இதுதான்.

பின்புற ஓட்டுக்கும் ஒரு பங்குண்டு. சவ்வின் பின்பக்கம் எழும் ஒலி, மூடிய ஓட்டுக்குள் முட்டி மோதித் திரும்புகிறது. ஓடு மெல்லியதாகவும் உள்ளே உறிஞ்சும் பஞ்சு இல்லாமலும் இருந்தால், பேச்சு குடத்துக்குள் பேசினாற்போல் கேட்கும்.

ராமனின் மிருதங்கம்

ஒரு ஹெட்போனைச் சோதிக்க நம் நாட்டிலேயே அருமையான அளவுகோல் உண்டு. வெறும் தோல் போர்த்திய வட்டப் பறையின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக ஒழுங்கின்றி அமையும். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரணை, அவற்றை ஏறக்குறைய முழு எண் மடங்குகளாக்கிவிடுகிறது. சர் சி. வி. ராமன் இதனை ஆராய்ந்து, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தம்பூராவின் வளைந்த குதிரையில் கம்பி பட்டும் படாமலும் அதிர்வதால், மேற்சுரங்கள் மிகுதியாக எழுவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆகவே, மிருதங்கத்தின் இடந்தலையாகிய தொப்பி ஆழ்ந்த ஒலிக்குச் சோதனை; வலந்தலை நடு ஒலிக்குச் சோதனை; தம்பூரா மேற்சுரங்களுக்குச் சோதனை. ஒரு நல்ல கச்சேரிப் பதிவு போதும். வேறு கருவி வேண்டாம்!

விலையும் தரமும்

பத்தாயிரம் கொடுத்தால்தான் நல்ல ஒலி கிடைக்குமா? 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். விலைக்கும் அந்த அளவீட்டுக்கும் தொடர்பு ஏதும் காணப்படவில்லை. மலிவானவை எல்லாம் நல்லவை என்று இதற்குப் பொருளன்று. விலைச்சீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே பொருள்.

நாமே சோதித்துப் பார்க்கலாம். வழி எளிது:

ஒன்று. ஆழ்ந்த இசையை ஒலிக்கவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கைகளால் மெல்ல அழுத்துங்கள். ஆழ்ந்த ஒலி சட்டென்று கூடினால், மெத்தையில் இடுக்கு இருக்கிறது.

இரண்டு. செய்தி வாசிப்பவரின் குரலைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால், ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள்; சாய்வும் பக்கம் மாறினால் இரு பக்கச் சவ்வுகளும் ஒத்தவை அல்ல.

மூன்று. கடையில் இரண்டு நிமிடம் அணிந்து முடிவு செய்யாதீர்கள். திருப்பித் தர வசதியிருந்தால் வீட்டில் 40 நிமிடம் அணியுங்கள். வயது வந்தவரின் காதுமடல் ஏறத்தாழ 6 செ.மீ. உயரம். மெத்தையின் துளை அதைவிடச் சிறிதானால் மடல் நசுங்கும். ஆழம் போதாவிட்டால் உள் மூடியில் உரசும். நம் ஊர் வெயிலில் ரெக்சின் மெத்தை வியர்க்கும், நாளடைவில் உரியும். ஆதலால் மெத்தையைத் தனியே மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்கு. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவை முதலில் சமமாக்குங்கள். ஒலி கூடினால் ஆழ்ந்த சுரங்கள் இன்னும் விரைவாக மேலெழுகின்றன என்று 1933இலேயே பிளெட்சரும் மன்சனும் காட்டினர். உரக்க ஒலிப்பது சிறந்ததுபோல் ஏமாற்றும். கண்ணைக் கட்டிக்கொண்டு, நண்பரை மாற்றி மாற்றி அணிவிக்கச் சொல்லுங்கள். 10 முறையில் 9 முறையாவது எது எதுவென்று சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மை. குருட்டாம்போக்கில் அது நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான்.

உண்மையான விலை

மாணவரை அமரவைத்து முதல் சோதனையைச் செய்யச் சொன்னேன். அழுத்தியதும் முகம் மலர்ந்தது. "சார், தொப்பி கேட்குது!" என்றார். பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், அழுத்தாமலேயே கேட்டது. கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தையைத் தூக்கி இடுக்கு உண்டாக்கியிருந்தது. அதே காம்புதான் காதின் பின்புறத்தை நெரித்து வலியையும் தந்தது. நோய் ஒன்று, அறிகுறி இரண்டு என்றேனே, அது இதுதான்.

ஆனால் என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. "ஒலியை எவ்வளவு வைத்துக் கேட்கிறாய்?" என்றேன். "முழுசா வைப்பேன் சார். இல்லேன்னா தெருச்சத்தம்தான் கேட்குது. ராத்திரி படுக்கும்போது காதிலே கொஞ்சம் 'ஙொய்'னு இருக்கும், காலையிலே சரியாயிடும்" என்றார்.

அந்த இரைச்சலை அலட்சியம் செய்யலாகாது. உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் களைத்துப்போனதன் அடையாளம் அது. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த அளவுப்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 80 டெசிபல் ஒலியை 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்கு 5 மணி. 98 டெசிபலுக்கு 40 நிமிடம்கூட இல்லை. அதுவும் ஒரு நாளைக்கு அன்று, ஒரு வாரம் முழுமைக்கும்!

தெருவின் இரைச்சல் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதனை வெல்ல 10 டெசிபல் கூட்டினால் 85. நன்றாகப் பொருந்தும் மூடிய ஹெட்போன் வெளியொலியை 12 டெசிபல் குறைக்குமானால், 73 டெசிபலிலேயே அதே தெளிவு கிடைக்கும். பேருந்து எஞ்சினின் ஆழ்ந்த உறுமலை அது அவ்வளவாகத் தடுக்காது என்பது உண்மைதான். ஆயினும் பேச்சையும் ஊதலையும் நன்கு தடுக்கும்.

மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு அந்த மாணவர் மாறினார். பழைய ஹெட்போனே போதுமாயிற்று. ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறார். இரவில் காது இரைவதில்லை என்கிறார்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு ஹெட்போன் இருக்கும். இன்றே கிண்ணங்களை மெல்ல அழுத்திப் பாருங்கள். அன்று படிகப் பெட்டியின் முன் அமர்ந்தவர்கள் கேட்பதற்காகக் காதை மூடினார்கள். நாமும் அதற்காகவே மூடுவோம்; கேட்கும் திறனையே மூடிவிட வேண்டாம்.