தலையெழுத்தும் விரலெழுத்தும்

"எல்லாம் இவ தலையெழுத்துங்க தம்பி!"

இண்டூர்ப் பேருந்து நிறுத்தத்தில் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கூறிய சொற்கள் இவை. அவர் முந்தானையைப் பற்றியபடி ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். பிறவியிலேயே பார்வையற்றவள். பள்ளியில் சேர்த்திருக்கிறீர்களா பாட்டி என்று கேட்டோம். "பேரு எழுதியிருக்குதுங்க. போவா, உக்காந்திருப்பா, வருவா. கண்ணு தெரியாத புள்ளைக்கு எழுத்து எங்கிருந்து வரும்?" என்றார். அவர்கள் ஊர் இண்டூர் அன்று. தொலைவிலுள்ள ஒரு சிற்றூர். எந்தப் பள்ளி என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பள்ளியின் குறையா அது?

தலையெழுத்து! எவர் கண்ணுக்கும் தெரியாத அந்த எழுத்தை நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் படித்துவிடுகிறார். முன்பிறவியில் செய்த வினை, இப்பிறவியில் ஒளியிழந்த விழி என்று விளக்கமும் தந்துவிடுகிறார். விளக்கம் கிடைத்த பிறகு விளக்கு எதற்கு? குழந்தை மூலையில் அமர்த்தப்படுகிறது. கற்றவரே கண்ணுடையவர் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை மேடையில் முழங்கும் நாம், கண்ணில்லாதவர் கற்றுக் கண் பெறலாமே என்று எண்ணிப் பார்க்க எத்தனை நூற்றாண்டு எடுத்துக்கொண்டோம்! அந்த மூதாட்டியின் கேள்வி அப்படியே நிற்கிறது: எழுத்து எங்கிருந்து வரும்? வந்த வழியை வரலாறு சொல்கிறது.

பிரெஞ்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூர். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் பட்டறையில், 1812ஆம் ஆண்டு, மூன்று வயது மகன் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடினான். ஊசி கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மறுகண்ணையும் கொண்டுபோயிற்று. அந்தச் சிறுவன் லூயி பிரெயில். பத்தாவது வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அதை நிறுவிய வாலன்டீன் ஆவி நல்லவர், இரக்கமுள்ளவர், ஆயினும் கண்ணுள்ளவர். ஆகவே கண்ணுக்கென வரையப்பட்ட எழுத்தையே பெரிதாகப் புடைக்கச் செய்து, தடவிப் படியுங்கள் என்றார். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிவந்து, இது இன்னதென்று முடிவுகட்டுவதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். புத்தகமோ தூக்க முடியாத பாரம். எழுதுவதற்கோ வழியே இல்லை.

பார்பியர் என்பவர் புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றை அப்பள்ளிக்குக் கொணர்ந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை, விரல்நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறாகக் குறைத்தான். நெட்டாக மூன்று, பக்கத்தில் மூன்று. ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் ஒரு முழு எழுத்து! ஆறு புள்ளிகளுக்குள் 63 குறிகள் பிறந்தன. இதைச் செய்து முடித்தபோது அவனுக்கு வயது பதினைந்து. நூலாக வெளியிட்டது 1829இல்.

அறிவுலகம் ஆரத்தழுவிக் கொண்டதா? இல்லை. 1840க்குப் பின் பள்ளித் தலைமையேற்றவர் புள்ளியெழுத்தைத் தடைசெய்தார். கண்ணுள்ள ஆசிரியருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தைக் கண்ணில்லாத மாணவன் படிப்பதா என்ற அச்சம்! மாணவர்களோ ஒளித்து வைத்துக் கற்றனர். இந்தப் போக்கு நமக்குப் புதிதா? எதை யார் படிக்கலாம், எதை யார் காதால் கேட்கவும் கூடாது என்று சட்டம் வகுத்தோர் வாழ்ந்த நாடல்லவா இது! பாரிசு பள்ளி முறைப்படி அவ்வெழுத்தை ஏற்றது 1854இல். லூயி மறைந்தது 1852இல்.

செவிப்புலன் இழந்தோர்க்கும் இதே கொடுமை நேர்ந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, அவர்கள் கைகளால் பேசும் சைகை மொழியைப் பள்ளியிலிருந்து விரட்டித் தீர்மானம் போட்டது. தவறு செய்தோம் என்று அதே மாநாட்டின் வழிவந்த பேரவை வருந்தியது 2010இல், வான்கூவர் நகரில். நூற்று முப்பது ஆண்டு!

நம் நாட்டுக்கு வருவோம். பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தோன்றியது. தமிழ் மண்ணில், பாளையங்கோட்டையில், சாரா டக்கர் கல்விக்கூடத்தில் பணியாற்றிய ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். சமயம் பரப்ப வந்தவர்தானே என்று சிலர் முணுமுணுப்பர். இருக்கட்டும். பல்லாயிரம் ஆண்டுப் பண்பாடு பேசிய நாம், அந்தக் குழந்தைகளைக் கோயில் வாயிலில் அமர்த்திக் கையில் திருவோடு கொடுத்திருந்தோம்; வந்தவர் அந்தக் கையில் எழுத்தைக் கொடுத்தார். நன்றி சொல்லத் தயங்குவதேன்?

ஆனால், அன்றைய இண்டூரில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டுநிலம். சேலம் மாவட்டத்தின் ஒரு மூலை. தருமபுரி தனி மாவட்டமானதே 1965இல்தான். பாளையங்கோட்டை நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். உழவர் வீட்டுத் தாய் எந்த நம்பிக்கையில் அந்தத் தொலைவுக்குப் பிள்ளையை அனுப்புவாள்? பின்னாளில் பூவிருந்தவல்லியிலும் பிற இடங்களிலும் அரசுப் பள்ளிகள் எழுந்தன. அங்கும் சேர வேண்டுமானால் பெற்றோரைப் பிரிந்தே வாழவேண்டும்.

அனுப்பினாலும், கற்கும் எழுத்து எது? அங்கேதான் வேடிக்கை. இந்தியாவில் ஒரு பிரெயில் இல்லை, பல இருந்தன! கீழைநாட்டுப் பிரெயில் என்றொன்று, ஷிரெஃப் முறை என்றொன்று, நீலகண்டராய் முறை என்று மற்றொன்று. பள்ளிக்கு ஒரு முறை, மொழிக்கு ஒரு முறை. கண்ணுள்ளவர் தெருவுக்கொரு சாதியாய்ப் பிரிந்தது போதாதென்று, பார்வையற்றவரின் ஆறு புள்ளிகளையும் பங்குபோட்டனர். ஒரு முறையில் அச்சான நூல் அடுத்த பள்ளிக்குப் பயன்படாது. நாம் மட்டுமே இப்படி என்று நாணவேண்டாம். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஒரே ஆங்கிலத்துக்கு வெவ்வேறு புள்ளிமுறை வைத்துக்கொண்டு நெடுங்காலம் வழக்காடி, 1932இல்தான் ஒத்துப்போயினர்.

1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவிடம் முறையிட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் சர் குளூதா மெக்கன்சி; நியூசிலாந்துக்காரர், 1915இல் கலிப்பொலிப் போரில் கண்ணிழந்தவர். 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூட்டிலும் அறிஞர் கூடினர். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான முறை பிறந்தது. பாரதி பிரெயில் என்று அதற்குப் பெயரிட்டனர். அதே 1951இல் டேராடூனில் மைய பிரெயில் அச்சகமும், கடல்கடந்து அமெரிக்காவில் பெர்க்கின்ஸ் பள்ளியின் பிரெயில் தட்டச்சுப் பொறியும் வந்தன.

தமிழன்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'கொ' என்று அச்சில் எழுதும்போது என்ன செய்கிறோம்? முன்னே ஒரு கொம்பு, நடுவில் ககரம், பின்னே ஒரு கால். ஒலியோ ககரத்தில் தொடங்கி ஒகரத்தில் முடிகிறது. பிரெயிலில் 'க', அடுத்து 'ஒ'. தீர்ந்தது! உயிர்மெய் எதுவாயினும் மெய்க்குறி முன்னே, உயிர்க்குறி பின்னே. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், ஒற்றைக் காட்ட ஒரு குறி. ஆக 32 அறிந்தால் 247ஐயும் எழுதலாம். 'லை', 'னை' ஆகியவற்றைத் துதிக்கை போல் சுழித்து எழுதும் சுமையை நீக்குவோம் என்று பெரியார் 1935இல் 'குடியரசு' ஏட்டில் தொடங்கினார். தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 1978இல். கண்ணுள்ள நாம் அந்தச் சுழியை விடலாமா கூடாதா என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பார்வையற்ற தமிழ்க் குழந்தையின் விரல் 1951 முதலே லகரத்தையும் ஐகாரத்தையும் அடுத்தடுத்துத் தொட்டுச் சென்றுகொண்டிருந்தது. எழுத்துச் சீர்திருத்தத்தில் யார் முந்தியவர்?

எழுதும் கருவியும் எளியதே. குழிகள் கொண்ட சட்டத்தில் தடித்த தாளைச் செருகி, ஊசியால் குத்தவேண்டும். குத்துவது வலமிருந்து இடமாக. தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து இடமிருந்து வலமாக ஓடும். எழுத்தாணியால் ஓலையில் எழுதிய நம் முன்னோர் கண்டிருந்தால் இதை அயல்நாட்டு விந்தை என்று சொல்லியிருக்க மாட்டார். லூயியின் பார்வையைப் பறித்த ஊசியும் இந்த ஊசியும் ஏறத்தாழ ஒரே வடிவம் என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இன்று பொறிகள் பெருகிவிட்டன. திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்துள்ளன. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது. பதிப்புரிமை என்னும் பூட்டைப் பார்வையற்றோர்க்காகத் திறந்துவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. அதை 2014இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா. பெருமைதான். பேசும் பொறி இருக்கப் புள்ளி எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்களை ஒன்று கேட்போம்: வானொலி வந்தபோது உங்கள் பிள்ளைக்கு அகர முதல எழுத்தைக் கற்பிப்பதை நிறுத்தினீர்களா? கேட்டறிந்தவனுக்கு ஒற்று மிகுமிடமும் றகர ரகர வேறுபாடும் எப்படித் தெரியும்? காது கதை கேட்கும்; எழுத்தைக் கண்ணோ விரலோதான் கற்கவேண்டும்.

சட்டமும் இருக்கிறது. உடற்குறை உள்ள பிள்ளைகளையும் பொதுப்பள்ளியில் சேர்க்கும் திட்டம் 1974இல் தொடங்கியது. நானூறு கிலோமீட்டர் போகவேண்டாம், இண்டூர்ப் பிள்ளை இண்டூரிலேயே படிக்கலாம் என்ற கொள்கை அது. நாம் மனமார வரவேற்கும் கொள்கை. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், உரிய அளவு குறைபாடுள்ள மாணவர்க்குப் பதினெட்டு வயது வரை நூலும் துணைக்கருவியும் விலையின்றித் தரவேண்டும் என்கிறது. பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியரைப் பயிற்றிப் பணியமர்த்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இரண்டில் முன்னது எளிது, பின்னதே கடினம். வேறொரு மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நாம் கண்டோம். பிரெயில் சட்டமும் ஊசியும் உறைகூடப் பிரியாமல் இரும்புப் பீரோவில் இருந்தன. தொலைந்துவிடுமே என்று பூட்டி வைத்தார்களாம்! சிறப்பாசிரியர் வருவது எப்போதோ. அவருக்குப் பல பள்ளிகள். மற்ற நாட்களில் அக்குழந்தை புள்ளி குத்தித் தந்தாலும் அதைப் படிக்க வகுப்பில் ஒருவர் இல்லை. ஆசிரியரை நொந்து பயனில்லை. அவருக்கு யார் கற்பித்தார்கள்? கண்ணுள்ளவர் விரலால்கூடத் தடவ வேண்டியதில்லை, கண்ணாலேயே படித்துவிடலாம். 32 குறிகள், நெஞ்சிருந்தால் சில வாரத்து வேலை. பாரிசு தலைமையாசிரியர் அஞ்சித் தடுத்தார். நாம் தடுக்கவில்லை, கற்கவுமில்லை. குழந்தைக்கு இரண்டும் ஒன்றே.

இண்டூர் நிறுத்தத்தில் நம் பையில் பார்வையற்ற நண்பர் ஒருவர் எழுதிய மடல் இருந்தது. எடுத்துச் சிறுமியின் விரலைப் பிடித்து முதல் வரியின் தொடக்கத்தில் வைத்தோம். 'அன்புள்ள' என்று தொடங்கும் மடல். அகரத்துக்குப் பிரெயிலில் ஒரே ஒரு புள்ளி.

"ஒரு சின்னக் கல்லு" என்றாள்.

"அதுதான் அம்மா, அ."

விரல் அங்கேயே நின்றது. பிறகு தானாகவே அடுத்த குறிக்கு நகர்ந்தது. "இது என்னங்க?" சொன்னோம். அடுத்தது. அதையும் சொன்னோம். மூதாட்டி குனிந்து வெள்ளைத் தாளைப் பார்த்தார். மையில்லை, கோடில்லை. "இதுவா எழுத்து?" என்றார். பென்னாகரம் பேருந்து வந்துவிட்டது. ஏறச் சொல்லிப் பாட்டி கையைப் பிடித்து இழுக்க, சிறுமி மடலைத் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.