கடைசிப் பெட்டியைத் திருப்பியவர்கள்

இரயில் வரலாறு எழுதுவோர் முதல் வண்டி புறப்பட்ட நாளையும், பாலம் கட்டிய துரையின் பெயரையும் தவறாமல் குறிப்பர். வண்டி கடைசி நிலையத்தை அடைந்து, பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறிய பின்னர் அங்கே என்ன நடந்தது என்று எழுதியவர் அரியர். உண்மையில் அந்த நேரத்தில்தான் முனைய நிலையத்தின் வேலையே தொடங்கும்.

இலங்கையின் மலைநாட்டு இரயிலைப் பாருங்கள். கொழும்பிலிருந்து செல்லும் அப்பாதை 1885-ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டி, 1924-இல் பதுளையில் முடிந்தது. பட்டிப்பொலைக்கு அருகே அது 6,000 அடிக்கும் மேலே ஏறுகிறது. இப்பாதையின் வண்டிகளில் காட்சிப் பெட்டி என்று ஒன்றை வால் முனையில் இணைக்கும் வழக்கம் புகழ்பெற்றது. அதன் பின்சுவரில் பெரிய கண்ணாடிச் சாளரம் உண்டு. அதன் முன் அமர்ந்தால் கடந்து வந்த தண்டவாளமும், குகையும், தேயிலைச் சரிவும், நம்மவர் வாழும் லயங்களும் மெல்லப் பின்வாங்குவதைக் காணலாம்.

திரும்பும் பயணத்தில்தான் சிக்கல். எஞ்சினை மட்டும் கழற்றி மறுமுனையில் மாட்டினால், வாலாக வந்த பெட்டி எஞ்சினுக்கு அடுத்ததாகிவிடும். கண்ணாடிக்கு எதிரே எஞ்சினைத் தவிர வேறொன்றும் தெரியாது. சரி, பெட்டியை மறுகோடிக்குக் கொண்டுபோய் இணைத்தால் போதுமா? போதாது. அப்போது சாளரம் பக்கத்துப் பெட்டியின் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இடமும் மாறவேண்டும், முகமும் மாறவேண்டும். (மாணவர்களுக்கு இதை விளக்க மேசைமேல் மூன்று தீப்பெட்டிகள் போதும். ஒன்றின் ஓரத்தில் மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பிள்ளைகளே விடையைக் கண்டுபிடித்துவிடுவர்.)

முகத்தை மாற்ற இரு வழிகள் உண்டு. ஒன்று முக்கோணப் பாதை. ஒரு கையில் நுழைந்து, பின்வாங்கி, மறுகையில் வெளியேறினால் வண்டி திரும்பியிருக்கும். இதற்கு நிலம் தாராளமாக வேண்டும். மற்றொன்று சுழல்மேடை. வட்டமான குழியின் நடுவே ஓர் அச்சு. அதன்மேல் தண்டவாளம் பொருத்திய பாலம். பாரம் முழுவதும் நடு அச்சின்மேல் சமமாக நின்றால், நூறு டன் எஞ்சினையும் ஓரிருவர் கழி பிடித்துத் தள்ளித் திருப்பிவிடலாம். சமம் தவறினால் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. டெண்டர் வண்டியில் தண்ணீர் குறைந்தாலே பாரம் இடம் மாறிவிடும். ஆதலால் ஓட்டுநர் எஞ்சினை ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக நகர்த்தி அந்த நிலையைத் தேடுவார். பள்ளிக்கூடம் காணாத தொழிலாளிக்கும் நெம்புகோல் தத்துவம் கைப்பழக்கமாக இருந்தது.

இனி நமது பேராக்கிற்கு வருவோம். நானுஓயாவுக்கு இரயில் வந்த அதே 1885-இல், ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை எட்டு மைல் பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில் அதுவே. ஈயம் கப்பலேறுவதற்காகப் போட்ட அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வந்தனர். பத்தாண்டு கழித்து, 1895-இல், ஈப்போவும் தெலுக் ஆன்சனும் இரயிலால் இணைந்தன. நிலைய அதிபர் நாற்காலியிலும் எழுத்தர் மேசையிலும் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தனர். பாதையிலும் பட்டறையிலும் உடலுழைத்தோரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே புகுந்து கொக்கி மாட்டும் ஷண்டிங் வேலையில், கைகாட்டுபவர் கணநேரம் தவறினால் உள்ளே நிற்பவரின் உயிர் போகும். 1917-இல் எழுந்த ஈப்போ நிலையத்தின் வெண்மாடத்தை வரைந்த ஹப்பக்கின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. அதன் பின்புறம் கொக்கி மாட்டியவர்களில் ஒருவர் பெயரேனும் எந்த நூலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

கிளாஸ்கோவில் செய்யப்பட்டு 1938 முதல் வந்த பெரிய பசிபிக் எஞ்சின்களை நெடுந்தூரம் பின்னோக்கி ஓட்டுவது சிரமம்; முனையந்தோறும் திருப்பியாக வேண்டும். 1957-இல் இரு முனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட டீசல் எஞ்சின்கள் வந்ததும் அவ்வேலை சுருங்கத் தொடங்கியது.

ஆயினும் காட்சிப் பெட்டி என்னும் பழைய புதிர் நம் ஊர் வழியாகவும் வந்தது. 1993-இல் ஓடத் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் சொகுசு வண்டியின் வாலில் திறந்த காட்சிப் பெட்டி ஒன்று உண்டு. நியூசிலாந்துக்காக ஜப்பானில் கட்டப்பட்ட பெட்டிகளைக் கொண்டு அமைத்த வண்டி அது. கண்டியைப் போலவே பட்டர்வொர்த்தும் பிரதானப் பாதையிலிருந்து விலகிய முனை. உள்ளே சென்ற வண்டி வந்த வழியே வெளியேற வேண்டும், வால் தலையாகும். சீமான்கள் பினாங்கைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் இந்தக் கணக்கை யாரோ தீர்த்தாக வேண்டும். இந்தியாவின் விஸ்டாடோம் பெட்டிகளில் ஆசனங்களையே சுழலவிட்டனர். நல்ல உபாயம்தான், ஆனால் பின்சுவர்ச் சாளரம் அதனால் திரும்பிவிடாது.

2010 ஆகஸ்டில் ஈப்போ மின்சார இரயிலின் வடமுனையாயிற்று. 2015-இல் பாடாங் பெசார் வரை சேவை நீளும் வரை அப்படியே இருந்தது. வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு மேடையோரமாக மறுமுனைக்கு நடப்பார். அவ்வளவுதான். கழற்றுவதற்கும் திருப்புவதற்கும் எதுவும் இல்லை.

போர்ட் வெல்டு இன்று கோலா செபத்தாங். தண்டவாளம் போய்விட்டது. பயணச்சீட்டுக் கூடமும், ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் பெயர் பொறித்த பலகையும் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன.