ஆன் செய்தாலே பழைய விண்டோஸ் எட்டிப் பார்க்குதா?

புது விண்டோஸ் போட்டாச்சு. ஆனாலும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால், ‘புதுசா, பழசா?’ என்று கேட்டு 30 விநாடி காத்து நிற்கிறதா? பூட் மெனுவில் பழைய பெயர் இன்னும் இருப்பதுதான் காரணம். நீக்குவது ஈஸி!

* புது விண்டோஸுக்குள் நுழைந்து, விண்டோஸ் கீயுடன் ‘ஆர்’ அழுத்தி, ‘எம்எஸ்கான்ஃபிக்’ என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

* ‘பூட்’ டேபுக்குப் போங்கள். ‘கரன்ட் ஓ.எஸ்’ என்று இருப்பதுதான் இப்போது ஓடுவது. அதைத் தொடாதீங்க!

* பழைய பெயரைத் தேர்வு செய்து ‘டெலிட்’, ‘அப்ளை’, ‘ஓகே’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கவனம்... போவது பெயர் மட்டுமே. பழைய டிரைவில் உள்ள போட்டோ, ஃபைல்கள் அப்படியே இருக்கும், இடமும் காலியாகாது. டிரைவை ஃபார்மட் செய்வதென்றால், முதலில் பேக்கப் எடுத்துடுங்க!