ஜாகாவுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்?



சென்ற பள்ளித் தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஈப்போ இரயில் நிலையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஹப்பேக் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்து, 1917இல் நிறைவுற்ற வெண்ணிறக் கட்டடம் அது. நான் குவிமாடத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க, ஒரு மாணவனின் பார்வையோ வாயிலில் நின்ற காவலர்மீது இருந்தது.

"ஐயா, இந்த ஜாகாவுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க?"

"இரயில் நிறுவனம்" என்றேன்.

"அவங்களுக்கு?"

"நாம் வாங்கும் டிக்கெட், அரசாங்கப் பணம்."

"அப்படின்னா நாமதானே ஐயா கொடுக்கிறோம்!"

பத்தே நொடியில் பிள்ளை கண்ட உண்மையை நம் பேரா மாநிலத்தின் வரலாற்றில் தேடிப் பார்த்தேன். கண்டவற்றை இங்கே பகிர்கின்றேன்.

முதலில் லாருட், அதாவது இன்றைய தைப்பிங் வட்டாரம். ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் இரண்டு அங்கே மோதிக்கொண்டிருந்தன. லாருட்டின் மந்திரி ஙா இப்ராகிம், பினாங்கு காவல்துறையில் பணியாற்றிய கேப்டன் ஸ்பீடியை அமர்த்திக்கொண்டார். 1873இல் ஸ்பீடி இந்தியா சென்று, சீக்கியரும் பட்டாணியருமாக ஏறத்தாழ நூற்றுப் பத்துப் பேரைத் திரட்டி வந்தார். அவர்களுக்கான கூலி ஈய வருமானத்திலிருந்து வந்தது. 1874 சனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் அப்படை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னாளில் அதன் வழிவந்ததே தைப்பிங்கைத் தலைமையகமாகக் கொண்ட மலாய் மாநிலங்களின் காவற்படை. ஒருவர் தம் சுரங்கத்தைக் காக்க அமர்த்திய ஆட்கள், சில திங்களில் வேறொருவர் ஆட்சியைக் காக்கும் படையாயினர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் இரயில் ஓடியதும் இதே மண்ணில்தான். அதுவும் ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதற்காகவே.

அடுத்தது நம் பாட்டன்மார் கண்ட காலம். 1948 சூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்தில் ஒருவரும் பின் சூன் தோட்டத்தில் இருவருமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராவின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா கூட்டரசு முழுவதற்கும் விரிந்து, 1960 சூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு கட்டத்தில் அவர்கள் தொகை சுமார் 40,000. பெரும்பாலோர் மலாய்க்காரர். தண்டவாளங்களும் தாக்கப்பட்டதால், இரயிலுக்கு முன்னே கவச வண்டிகள் ஓடின.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டன் ஒரு பங்கு கொடுத்தது. பெரும்பங்கை மலாயாவே சுமந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை உச்சத்திற்கு ஏறவே, ஏற்றுமதி வரி பன்மடங்கு பெருகியது. 1949இல் சுமார் 27 கோடி வெள்ளியாக இருந்த அரசாங்க வருமானம் 1951இல் சுமார் 73 கோடியைத் தொட்டது. அந்த ரப்பரைச் சீவியவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்த நம்மவர்கள் அவர்களுள் பெரும்பகுதியினர். காவலுக்குரிய பணத்தில் அவர்களுடைய வியர்வையும் இருந்தது.

ஆயின் அக்காவல் அவர்களை எவ்வாறு நடத்தியது? பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, முள்வேலி சூழப்பட்டன. காட்டிலிருந்த கொரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். உணவுக் கட்டுப்பாடு நிலவிய இடங்களில் நண்பகல் உணவைக்கூட எடுத்துச் செல்ல இயலவில்லை. காவலர் இருந்ததால் பிழைத்த உயிர்களும் உண்டு; அதை மறுத்தல் நேர்மையன்று. எனினும், தன் உழைப்பால் காவலுக்குப் பொருள் தந்தவனிடம், 'உனக்கு எத்தகைய காவல் வேண்டும்?' என்று எவரும் கேட்கவில்லை.

இன்று இரயில் நிறுவனத்திற்குத் துணைக் காவலர்கள் உள்ளனர். அதிகாரம் 1967ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின்வழி வருகிறது. சம்பளம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. அந்தப் பணத்தின் வேர் எங்கே என்பதை நம் மாணவன் சொல்லிவிட்டான்.

இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், மாலை வகுப்புகளுக்கு இன்னொரு ஜாகா அமர்த்தக் குடும்பத்திற்கு ஐந்து ரிங்கிட் திரட்டலாமா என்ற பேச்சு எழுந்துள்ளது. நான் அதற்கு உடன்படுகின்றேன். ஆனால் மூன்று வேண்டுகோள்கள். கணக்கு எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். ஐந்து ரிங்கிட் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அதே காவலைப் பெறட்டும். அவர் எதைக் காக்க வேண்டும், யாரை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பெற்றோரே கூடி முடிவு செய்யட்டும். நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காத உரிமை இது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் முள்வேலிக் காலத்தை அறிந்தவர் இருப்பின், இவ்வாரமே பிள்ளைகளை அவர்கள் அருகில் அமரச் செய்து கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை மிகச் சிலரோடு நிற்கிறது.