ஹீத்கிளிஃப்பின் நிறமும் மெர்ல் ஓபரானின் ரகசியமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

எமிலி பிரான்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் மறுபடியும் படமாகி, 2026 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. எமரால்டு ஃபென்னல் இயக்கிய படம். ஹீத்கிளிஃப்பாக நடித்தவர் ஜேக்கப் எலோர்டி என்ற ஆஸ்திரேலிய வெள்ளையர். 2024-இல் அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நாளிலேயே சண்டை தொடங்கிவிட்டது. “நாவலில் அவன் கறுத்தவன், வெள்ளைக்காரரை எப்படிப் போடலாம்?” என்று ஒரு கட்சி. “நடிப்புக்கு நிறம் எதற்கு?” என்று எதிர்க்கட்சி. பழைய மாணவர்கள் சிலர் என் கருத்தையும் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏனென்றால் இதே நாவலை ஹாலிவுட் 1939-இல் எடுத்தபோது நடந்த ஒரு விஷயம் தெரிந்தால்தான் இந்தச் சண்டையின் அடிவேர் புரியும்.

முதலில் நாவலுக்குப் போவோம்.

‘வுதரிங் ஹைட்ஸ்’ 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்தது. கதை நடப்பது அதற்கும் முந்தைய காலம். 1770-களின் தொடக்கத்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த எர்ன்ஷா என்ற பெரியவர் லிவர்பூலுக்கு நடந்தே போய்த் திரும்புகிறார். தெருவில் அநாதையாகக் கிடந்த ஒரு சிறுவனைக் கோட்டுக்குள் பொதிந்து தூக்கிக்கொண்டு வருகிறார். கறுத்த நிறம், கறுத்த முடி. அவன் பேசுவது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அந்த வீட்டில் இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயரையே அவனுக்கு வைக்கிறார்கள். ஹீத்கிளிஃப் என்ற அந்த ஒரே சொல்தான் அவனுக்குப் பெயரும் குடும்பப் பெயரும்.

அவன் எந்த இனம்? நாவல் கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள். பலருக்கு அவன் ‘ஜிப்சி’. பக்கத்து மாளிகைக்காரரான லிண்டன், அவன் ஒரு குட்டி ‘லஸ்கராக’ இருப்பானோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ ஒதுங்கியவனாக இருப்பானோ என்கிறார். வேலைக்காரி நெல்லி அவனைத் தேற்றுவதற்காக, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாமே என்கிறாள்.

‘லஸ்கர்’ என்ற சொல் உங்களில் சிலருக்குப் பழக்கமாக இருக்கும். நம்மூர்ப் பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு பார்க்கும் ஊழியருக்கும் அதே பெயர்தான். பாரசீகத்தில் படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் கப்பல்களில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளை அப்படி அழைத்தார்கள்.

லிவர்பூல் என்ற ஊரையும் கவனியுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரிட்டனின் மிகப் பெரிய அடிமை வணிகத் துறைமுகம் அதுதான். அடிமை வணிகத்தைப் பிரிட்டன் தடை செய்தது 1807-இல். ஆகவே 1770-களில் லிவர்பூல் தெருவில் கிடந்த, ஊர் பேர் தெரியாத கறுத்த சிறுவன் என்றால், அவன் ஆப்பிரிக்க வழிவந்தவனாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வேறொரு வாதமும் உண்டு. எமிலி இந்த நாவலை எழுதிய 1840-களின் நடுவில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் தொடங்கியது. பட்டினி கிடந்த ஐரிஷ் மக்கள் வந்து இறங்கியதும் லிவர்பூலில்தான். அதனால் அவனை ஐரிஷ் சிறுவனாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, ஹீத்கிளிஃப் இன்ன இனம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய நிறம் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

ஒரு கட்டத்தைப் பாருங்கள். கேத்தரினும் ஹீத்கிளிஃப்பும் சிறு வயதில் லிண்டன் மாளிகைக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். நாய் கேத்தரினின் காலைக் கவ்விவிடுகிறது. இருவரும் சேர்ந்துதான் மாட்டுகிறார்கள். ஆனால் அவளை உள்ளே தூக்கிப்போய், காலைக் கழுவி, ஐந்து வாரம் வைத்துப் பராமரிக்கிறார்கள். அவனை முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே துரத்துகிறார்கள். ‘லஸ்கர்’ என்ற பேச்சு வருவது அந்த இடத்தில்தான். அவர்கள் பிரிவு அன்றைக்குத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் நெல்லியிடம், எட்கர் லிண்டனைப் போல எனக்கும் வெளுத்த முடியும் வெள்ளைத் தோலும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். நிறம் இங்கே வெறும் வர்ணனை கிடையாது. கதையை நகர்த்துகிற அச்சாணிகளில் அதுவும் ஒன்று.

இப்போது 1939-க்கு வருவோம்.

சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, வில்லியம் வைலர் இயக்கம். ஹீத்கிளிஃப்பாக லாரன்ஸ் ஒலிவியே, கேத்தரினாக மெர்ல் ஓபரான். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படம். நாவலில் கறுத்தவனான ஹீத்கிளிஃப்பாக ஒரு வெள்ளை ஆங்கிலேயர் நடித்தார். அன்று அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வழக்கம்.

வழக்கம் என்று ஏன் சொல்கிறேன்? இரண்டு வருடம் முன்னால், 1937-இல், பேர்ல் பக்கின் ‘தி குட் எர்த்’ நாவல் படமானது. சீன விவசாயக் குடும்பத்தின் கதை. விவசாயியாக நடித்தவர் பால் முனி, மனைவியாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர். இருவரும் ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர்கள். அந்த வேடத்துக்காக ரெய்னர் ஆஸ்கர் வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங் அப்போது பெயர்பெற்ற நட்சத்திரம். அவருக்கு அந்த மனைவி வேடம் கிடைக்கவில்லை. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக அமலான தணிக்கை விதிகள், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்றன. எழுத்தில் இருந்தது அவ்வளவுதான். நடைமுறையில் ஆசியர்கள் விஷயத்திலும் ஸ்டுடியோக்கள் அதே எச்சரிக்கையோடு நடந்துகொண்டன. கணவனாக வெள்ளையர் நடித்தால் மனைவியும் வெள்ளையராகவே இருக்க வேண்டும். கதை நடப்பது சீனாவில் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

இந்தப் பின்னணியில் மெர்ல் ஓபரானைப் பாருங்கள்.

அவர் தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளையர் என்றுதான் உலகத்துக்குச் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் பிறந்தது பம்பாயில், 1911-இல். இளமைக் காலம் கழிந்தது கல்கத்தாவில். தந்தை பிரிட்டிஷ்காரர். அவரை வளர்த்த ஷார்லட் செல்பி, இலங்கையைச் சேர்ந்த, ஐரோப்பிய–ஆசியக் கலப்பு வழிவந்த பெண்மணி. மெர்ல் இறந்தபிறகு வெளிவந்த பிறப்புப் பதிவு இன்னொன்றையும் காட்டியது. அவரைப் பெற்றவர், அன்று சிறுமியாக இருந்த ஷார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். அதாவது அம்மா என்று அறியப்பட்டவர் பாட்டி. அக்கா என்று அறியப்பட்டவர் அம்மா.

1920-களின் இறுதியில் இங்கிலாந்து போனவர் படிப்படியாக உயர்ந்து 1935-இல் வெளிவந்த ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஷார்லட்டும் அவருடனேயே இருந்தார். ஆனால் வந்தவர்களிடம் அவரை வேலைக்காரி என்றே காட்டியதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1937-இல் ஷார்லட் இறந்தபிறகு, அவருடைய உருவப்படத்தை ஓர் ஓவியரைக் கொண்டு வரைய வைத்து, தோலை வெளுப்பாகத் தீட்டச் சொல்லி, அதை மெர்ல் தன் வீட்டில் மாட்டி வைத்திருந்தாராம். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

அவரைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். அன்றைய அமெரிக்கச் சட்டங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 1917-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவதைத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர் சட்டப்படி ‘வெள்ளையர்’ ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்த வழி திறந்தது 1946-இல்தான். அப்படிப்பட்ட நாட்டில், திரையில் வெள்ளைக் கதாநாயகர்களைக் காதலிக்கும் நடிகை ஒருத்தி, என் பாட்டி இலங்கைக்காரி என்று எப்படிச் சொல்வாள்? சொன்ன மறுநாள் அவளுக்கு எந்த வேடம் மிஞ்சும்?

அவர் அந்தப் பொய்யைக் கடைசிவரை சுமந்தார். 1978-இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் மண்ணின் மகளாக அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அடுத்த வருடமே இறந்துபோனார். உண்மை பரவலாகத் தெரிய வந்தது 1983-இல் வெளியான வாழ்க்கை வரலாற்றின் மூலம்.

இப்போது அந்த 1939 படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். நாவலில் கறுத்தவனான ஹீத்கிளிஃப்பாக வெள்ளையர் ஒருவர். நாவலில் வெள்ளைக்காரியான கேத்தரினாக, ஆசிய ரத்தத்தை மறைத்து வாழ்ந்த ஒரு பெண். அந்தப் படப்பிடிப்புத் தளத்தில், எனக்கு வெள்ளைத் தோல் இருந்திருக்கக் கூடாதா என்ற ஹீத்கிளிஃப்பின் ஏக்கத்தை உள்ளுக்குள் முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கக் கூடியவர் ஒலிவியே அல்ல, மெர்ல்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம் இரண்டு.

ஒன்று, ‘திறமைதான் முக்கியம், நிறம் பார்க்கக் கூடாது’ என்ற வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. மெர்ல் கேத்தரினாக நடித்து ரசிகர்களைக் கவர்ந்ததே, ஒரு வேடத்தை வேறு இனத்தவர் ஏற்கலாம் என்பதற்குச் சான்று. ஆனால் அந்தக் காலத்தில் கதவு ஒரு பக்கம்தான் திறந்தது. வெள்ளையர் யார் வேடத்தையும் வெளிப்படையாகப் போடலாம். மற்றவர்கள் வெள்ளையர் வேடம் போட வேண்டுமென்றால் பெற்றவர்களையே மறைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவைக் காட்டி, இங்கே நிறம் பார்ப்பதில்லை என்று சொன்னால் எப்படி ஏற்பது?

இரண்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அந்தப் பாத்திரத்தின் நிறம் கதையில் என்ன செய்கிறது என்றுதான் கேட்க வேண்டும். 2026 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் வெளுத்த நிறத்தவனான எட்கர் லிண்டனாக, பாகிஸ்தானிய வழி கொண்ட பிரிட்டிஷ் நடிகர் ஷஸாத் லத்தீஃப் நடித்திருக்கிறார். நெல்லியாக ஆசிய வம்சாவளி நடிகை ஹாங் சாவ். வாய்ப்புகள் பரவலானது நல்ல விஷயம். மெர்லுக்கு இருந்த பயம் இவர்களுக்கு இல்லை. ஆனால் ஹீத்கிளிஃப் வெள்ளையனாகவும், அவன் யாருடைய வெள்ளைத் தோலைப் பார்த்து ஏங்கினானோ அந்த எட்கர் மாநிறமாகவும் ஆகும்போது, நாவல் சொன்ன அவமானம் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. அதன் இடத்தில் வெறும் பணக்காரன்–ஏழை பேதம்தான் மிஞ்சுகிறது.

இதற்கு நேர்மாறாக 2011-இல் ஆண்ட்ரியா அர்னால்ட் எடுத்த படம் இருக்கிறது. அதில் சிறுவன் ஹீத்கிளிஃப்பாக சாலமன் கிளேவ், வளர்ந்தவனாக ஜேம்ஸ் ஹௌசன். இருவரும் கறுப்பின பிரிட்டிஷ் நடிகர்கள். நாவல் வந்து 164 ஆண்டுகள் கழித்துத்தான் கறுப்பின ஹீத்கிளிஃப்பை ஒரு பெரிய திரைப்படத்தில் பார்க்க முடிந்தது. அவன் நிச்சயமாக ஆப்பிரிக்க வழிவந்தவன்தான் என்று நாவல் சொல்லவில்லை என்று ஆட்சேபிக்கலாம். சரிதான். ஆனால் அந்தச் சிறுவனை அடிக்கும்போதும், துரத்தும்போதும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்கு விளக்கமில்லாமலே புரிகிறது. எலோர்டி நல்ல நடிகர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் ஆட்சேபம் அவர்மேல் அல்ல, அந்தத் தேர்வின்மேல்.

பிள்ளைகளே, நாவலை வைத்திருப்பவர்கள் 4, 6, 7 ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது ஒரு தடவை படியுங்கள். பிறகு 1939 படத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். மெர்ல் ஓபரானின் முகம் திரையில் வரும்போது, இலங்கையில் பிறந்து, லண்டனில் பேத்தியின் வீட்டிலேயே வேலைக்காரியாகக் காட்டப்பட்ட அந்த மூதாட்டியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் போலவே இங்கேயும் எதிர்த்துப் பேசலாம், மதிப்பெண் குறையாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்