காலுக்கு வந்த உளைச்சல்

பண்பொழித் திருமலையில் குமரனைத் தரிசித்துவிட்டு இறங்கிய அன்று, ஊரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. கவலை உள்ளவனையும் தூங்கச் செய்யும் காற்று. அந்த இரவிலும் வீட்டு ஆச்சி மட்டும் முற்றத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.

"தூக்கம் வரலியா, ஆச்சி?"

"தூக்கம் வருதுய்யா. காலுதான் விடமாட்டேங்கு. ராத்திரி படுத்தா ஒரே உளைச்சல். நாலு எட்டு நடந்தா தேவலை. திரும்பப் படுத்தா பழையபடிதான்."

காலையில் அவளுடைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'தூக்கமின்மை' என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. அதற்கு ஒரு மாத்திரை. காலைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கு வைத்திய சாஸ்திரம் வகுத்திருக்கும் லட்சணங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆச்சியின் பேச்சில் இருந்தன. காலை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் அது மிகுதல், நடந்தால் தணிதல், இரவில் கூடுதல். இவை வேறு நோயால் வந்தவை அல்ல என்று பார்த்துக்கொள்வது ஒன்றுதான் டாக்டருக்கு மிச்சம்.

இதை முதலில் எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர். 1672-ல் வெளியான லத்தீன் நூலில், படுக்கையில் சாய்ந்ததும் கைகால்கள் துள்ளித் தவிக்க, சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவரைப் போல உறக்கமின்றித் துடித்த நோயாளிகளை வருணித்திருக்கிறார். பிறகு இரு நூற்றாண்டுக் காலம் அதைப் பெரிதாகக் கவனித்தவர் இல்லை. 1861-ல் விட்மாக் என்ற ஜெர்மானியர் அதற்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் 'முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மனக்கலக்கம்' என்று வரும். நம் ஆச்சி இரண்டே சொல்லில் அதைச் சொல்லிவிட்டாள்: கால் உளைச்சல். மனத்துக்கு வருவதும் உளைச்சல், காலுக்கு வருவதும் உளைச்சல்! ஆனால் விட்மாக் இதை ஹிஸ்டீரியாவோடு சேர்த்துவிட்டார். 1945-ல் எக்போம் என்ற ஸ்வீடன் தேசத்து நரம்பியல் நிபுணர் தனி நூலே எழுதிய பிறகுதான் இது மனப்பிராந்தி அல்ல, உடம்பின் நோய் என்று நிலைபெற்றது.

வைத்தியர் புத்தகத்தில் இடம் கிடைத்தால் போதாது. சர்க்கார் பேரேட்டிலும் கிடைக்கவேண்டும். உலகத்துக்குப் பொதுவான நோய்ப் பட்டியல் ஒன்றை 1893-ல் ழாக் பெர்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்தார். அது சாவுக்கான காரணங்களின் பட்டியல். நம் பக்கத்திலும் கதை அதுதான். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல் வந்தது. அந்தக் காலத்து இறப்புக் கணக்குகளில் காலரா, அம்மை, ஜுரம் என்று பகுதிகள் இருந்தன. கொல்லாத நோய்க்கு அங்கே என்ன வேலை? தூங்கவிடாமல் முப்பது வருஷம் வதைக்கும் நோய் யமன் கணக்கில் சேராதே!

1948-ல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலின் ஆறாவது திருத்தத்தை ஏற்றபோதுதான், உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் அதில் முறையாக இடம் பெற்றன. 1990-ல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் கால் உளைச்சலுக்குக் கிடைத்தது ஜி 25.8 என்ற எண். அது 'பிற அசைவுக் கோளாறுகள்' என்ற பொதுச் சத்திரம். அமெரிக்கர்கள் தங்கள் பதிப்பில் ஓர் இலக்கம் கூட்டி, ஜி 25.81 என்று தனி அறை கொடுத்தார்கள். உறக்கத்திலேயே கால் விட்டுவிட்டு உதைத்துக்கொள்ளும் அடுத்த நோயை ஜி 47.61 என்று தூக்கக் கோளாறுகளின் வீட்டில் வைத்தார்கள். கூடப் பிறந்தவை இரண்டும் வேறு வேறு தெருவில்! 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம்தான் தூக்கத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கி, இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்தது. கால் உளைச்சலின் எண் 7ஏ80.

நம்மவர்க்கு இன்னொரு செய்தி. நோய்கள் 4,448 என்று கணக்குச் சொல்வது அகத்தியரைக் குருவாகக் கொண்ட சித்த மருத்துவ மரபு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ப் பெயர்களுக்கும் இப்பட்டியலில் குறியீடு தரும் பகுதி 2024 ஜனவரி 10-ல் டில்லியில் வெளியிடப்பட்டது. பொதிகை முனிவர் ஜெனீவாப் பேரேட்டில் ஏறிவிட்டார்!

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்நோய் அதிகம் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு இரவில் கால் உளைகிறது என்பவளிடம், "வேலை செய்த அலுப்பு" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! சீட்டில் 'தூக்கமின்மை' என்று எழுதினால் தூக்க மருந்து வரும். அப்படித் தரப்படும் சில மருந்துகள் உளைச்சலைக் கூட்டவும் செய்யும். 'கால்' என்று எழுதினால், ரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று பார்க்கும் எண்ணமாவது வரும்.

நான் புறப்படும்போது நண்பரிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்கினேன். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எப்படி, என்ன செய்தால் தேவலை என்று ஆச்சி சொல்லச் சொல்ல, அவள் வார்த்தையிலேயே எழுதினேன். "அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் இதைக் கொடுங்கள்" என்றேன்.

ஆச்சி காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இம்புட்டும் நான் அவர்ட்ட சொன்னதுதான்யா. அவரு எழுதலை" என்றாள்.