மானிப்பாய் மருத்துவக் கல்வியும் மருத்துவ ஊழியர் வெளியேற்றமும்

வளர்முக நாடுகளின் சுகாதார நிலை பற்றி ஆராய்வோர் வைத்தியர், தாதியர் ஆகியோரின் தொகையைச் சனத்தொகையோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறையை அளந்து காட்டுவது வழக்கம். அத்தகைய கணக்கு பயனற்றதன்று. ஆயினும் பயிற்றப்பட்டோர் எங்கே தங்குகின்றனர், எங்கிருந்து நீங்குகின்றனர், ஏன் நீங்குகின்றனர் என்ற வினாக்களுக்கு அக்கணக்கில் விடையில்லை. இவ்வினாக்கள் நம் காலத்திற்கே உரியவை என்று கருதுவதும் தவறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவை எழுந்தன. அவற்றுக்குக் காணப்பட்ட விடை தமிழ் மருத்துவ நூல்களாக நமக்குக் கிடைத்துள்ளது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கை வந்து, அடுத்த ஆண்டிலேயே மருத்துவ மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். அக்காலத்தில் கொழும்பில் மருத்துவக் கல்லூரி இல்லை. அது 1870இல் நிறுவப்பட்டது. கிறீனின் முதற் பயணக் காலத்தில் (1847 – 1857) போதனை ஆங்கிலத்தில் நடைபெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரி வழியாக ஆங்கிலக் கல்வி பரவியிருந்த சூழலில் அது இயல்பாகவே தோன்றியிருக்கும். 1862இல் இரண்டாம் முறை வந்த பின்னரே அவர் போதனா மொழியை மாற்றினார். 1864 முதல் மருத்துவம் தமிழில் கற்பிக்கப்பட்டது. 1873இல் அவர் நாடு திரும்பும்வரை பயிற்றப்பட்ட அறுபதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்கள்.

கிறீனைப் பற்றி எழுதியோரிற் பலர் இம்மாற்றத்தைத் தமிழ்ப்பற்றின் வெளிப்பாடாகவே போற்றியுள்ளனர். அவருக்குத் தமிழில் ஈடுபாடு இருந்தமை மறுக்கத்தக்கதன்று. தம் மாணவர் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை என்பதும் தெரிந்ததே. எனினும் மாற்றத்தின் உடனடிக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தையும் வருவாய் மிக்க பிற இடங்களையும் நாடி ஊரை விட்டு அகன்றனர்; தமிழில் பயின்றோர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களிடையே தொழில் செய்வர் என்பதே கிறீன் கொண்ட எதிர்பார்ப்பு. இக்கருத்து அவருக்கு மட்டும் உரியதுமன்று. செமினரியின் ஆங்கிலக் கல்வி மிஷனுக்கு ஊழியரைத் தருவதை விட அரசாங்கத்திற்கு எழுதுவினைஞரைத் தருகின்றது என்ற குறை மிஷன் மேலிடத்தில் வலுப்பெற்றிருந்தது. அதன் விளைவாகவே 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆகவே மானிப்பாயின் தமிழ் மருத்துவக் கல்வியை, குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் உருவாக்கிய உத்தியோகச் சந்தைக்கு எதிராக ஊழியரைத் தக்கவைக்க எடுத்த ஒரு முயற்சியாகவே நாம் நோக்க வேண்டியுள்ளது.

முயற்சியின் அறிவுப் பயன் பெரிது. இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) என்று நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. நாடு திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை, இப்பணியை அவர் கைவிடவில்லை. தமிழ்ச் சொல் கிடைத்தவிடத்து அதனையும், கிடையாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் ஏற்பது அவர் கையாண்ட நெறி. கெமிஸ்தம் என்ற தலைப்பே இறுதி வகைக்குச் சான்று. கலைச்சொல் ஆக்கத்தில் தூய்மை பற்றி நாம் பிற்காலத்தில் நடத்திய வாதங்களை எண்ணும்போது, நோயாளியின் முன் நின்று சொல் தேடிய ஒருவரின் இத்தாராளம் மனங்கொள்ளத்தக்கது.

ஆனால் ஊழியரைத் தக்கவைக்கும் திட்டம் என்ற வகையில் அது நிலைக்கவில்லை. மருத்துவத் தொழிலின் அங்கீகாரம், அரசாங்கப் பதவி, சம்பளம், மேற்கல்வி யாவும் ஆங்கிலத்தோடு பிணைந்திருந்தன. கொழும்புக் கல்லூரி தோன்றிய பின் தமிழில் பயின்ற வைத்தியனுக்குக் கிடைத்தது இரண்டாந்தரத் தகுதியே. இங்கு ஒரு சங்கடமான உண்மையையும் கூறியாக வேண்டும். ஊழியனை ஊரில் நிறுத்துவதற்கு அவனுக்கு ஊரில் வாழ்வளிப்பது ஒரு வழி. வெளியேறும் வாயிலை அடைப்பது இன்னொரு வழி. மானிப்பாயில் இரண்டாவதே நடந்தது. கிறீனின் நல்லெண்ணத்தை இது குறைப்பதில்லை. ஆயினும் வாயில் அடைபட்டிருப்பதைப் பெற்றோரும் மாணவரும் விரைவில் உணர்ந்தனர் என்பதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இப்பிரச்சினைக்கு இலங்கை கண்ட சிறந்த விடை வைத்தியரிடமிருந்து வரவில்லை; மருத்துவ மாதிடமிருந்தே வந்தது. 1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. எல்லை வரையறுக்கப்பட்ட ஒரு பிரதேசம், அதற்குப் பொறுப்பான ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ் வீடு வீடாகச் செல்லும் ஊழியர் என்பதே இதன் அமைப்பு. பொதுச் சுகாதார மருத்துவ மாது ஏறத்தாழ 3000 பேர் கொண்ட ஒரு பகுதியில் தங்கி, கருவுற்றோரைப் பதிந்து, பேறு பார்த்து, பிள்ளையின் நிறையையும் குறித்து வந்தாள். அவளுடைய பயிற்சி வைத்தியரின் பயிற்சியை விடக் குறுகியது. மொழி மக்களின் மொழி. நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என அவள் காத்திருக்கவில்லை. ஊழியரின் செயற்றிறன் என்று இன்று பேசப்படுவது பெரிதும் இவ்வமைப்பிலேயே தங்கியுள்ளது: ஆளைவிட ஆளுக்குரிய எல்லையும், பதிவேடும், மேற்பார்வையும், இடர் நேர்ந்தால் அனுப்புவதற்கு ஒரு வைத்தியசாலையும் முக்கியமானவை.

1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்டிருந்த தாய்மார் இறப்பு 1950 அளவில் 600க்குக் கீழே வந்தது. மலேரியாக் கட்டுப்பாட்டுக்கும் வைத்தியசாலைகளின் விரிவுக்கும் இதில் பெரும்பங்குண்டு. அனைத்தையும் மருத்துவ மாதின் கணக்கில் எழுதுவது மிகையாகும். ஆயினும் அவள் இல்லாமல் அவ்வைத்தியசாலையைக் கிராமத்துப் பெண் சென்றடைந்திருப்பாளா என்பது ஐயமே. வைத்தியரோ சுதந்திரத்தின் பின் பிரித்தானியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றவாறே இருந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவ்வெளியேற்றம் மீண்டும் பெருகியது. மருத்துவ மாது செல்லவில்லை. அவளுடைய தகுதிக்கு அந்நிய நாட்டில் அவ்வளவு விலையில்லை. மானிப்பாயின் தருக்கம் இங்கும் தொடர்வதை நாம் காணாதிருக்க இயலாது.

மேற்கூறிய வெற்றி நாடெங்கும் சமமாகப் பரவவில்லை என்பதற்குப் பெருந்தோட்டங்களே சான்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. எனினும் தோட்டச் சுகாதாரம் நீண்ட காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே, தேசிய சேவைக்கு வெளியே நின்றது. அங்கு வேண்டப்பட்டவள் தமிழ் பேசும் மருத்துவ மாது. அவளைத் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்தே தெரிவு செய்திருக்கலாம். ஆனால் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியமையால் அரசாங்க சேவை அவர்களுக்கு எட்டாததாயிற்று. தோட்டப் பாடசாலைகளோ 1970கள்வரை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுடன் நின்றன. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைக்கு 2003இன் சட்டம் வழிசெய்தபோது, பயிற்சிக்கு வேண்டிய பரீட்சைத் தகுதி புதிய தடையாக நின்றது. லயத்திற் பிறந்து, அவ்லயத்தின் மொழியும் வழக்கமும் அறிந்த பெண் அங்கேயே பேறு பார்க்க விண்ணப்பித்தாலும், அவளிடம் முதலிற் கேட்கப்பட்டது அவளது பாடசாலை கற்பிக்காத பாடங்களின் சித்திப் பத்திரமே.